பந்து உருளும் முன்னே பையனைப் பாருங்கள்



பள்ளிக்கூடக் காற்பந்துப் பருவம் மறுபடியும் தொடங்கப் போகிறது. சாயங்காலம் ஆனால் தோட்டத்துத் திடலில் பையன்கள் கூட்டம். புது பூட்சுக்கு அப்பாவிடம் நச்சரிப்பு. "இந்த வருஷம் எப்படியும் ஸ்கூல் டீமில எடுத்துடுவாங்க பாரும்மா" என்று அம்மாவிடம் சபதம். இதையெல்லாம் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். நானும் ஒரு காலத்தில் அந்தத் திடலில் முட்டியை உரித்துக்கொண்டவன்தான்.

நம் ஜனங்களுக்குக் காற்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழு அமெரிக்காவை 3-0 என்று வென்ற கதையைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மொக்தார் டஹாரியின் ஓட்டத்தையும், 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வாங்கிய கோல்கீப்பர் ஆறுமுகத்தின் நீண்ட கைகளையும் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள்தாம் இப்போது ஓடுகிறார்கள். பள்ளிக் குழு, மாவட்டக் குழு, மாநிலக் குழு, அதற்கும் மேலே எம்.எஸ்.எஸ்.எம். போட்டி என்று படிகள் இருக்கின்றன. அதில் ஏறுகிறவனுக்கு ஒரு விளையாட்டுப் பள்ளியிலோ, பகாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அக்காடமியிலோ இடம் கிடைக்கலாம். தோட்டத்துப் பையனுக்கு அது சின்ன விஷயமா?

சின்ன விஷயமில்லை என்பதால்தான் ஆபத்தும் இருக்கிறது. தேர்வு நாளில் எப்படியாவது பேர் வர வேண்டும் என்று பையன் காய்ச்சலை மறைக்கிறான். தலைசுற்றலை மறைக்கிறான். வீங்கின கணுக்காலுக்கு மேல் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுகிறான். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக விளையாடட்டும். பந்து உருளும் முன்னே பையனைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் செய்த தப்பு

முதலில் ஒரு கதை. கதையில்லை, நடந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் 14 வயதுப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "டிரஸ்ஸர் ஐயா, ரெண்டு பனடோல் குடுங்க, தலைவலி" என்றான். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நானும் ஏன், எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகிற வழியில் திடல் ஓரம் நின்றேன். பையன்கள் சுற்றுச்சுற்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் திடீரென்று வரிசையை விட்டு எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தான். கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் என்னவோ பேசினான். மற்றப் பையன்கள் வேடிக்கை செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். நாலு எட்டு வைத்தான், விழுந்தான். உடம்பைத் தொட்டால் அடுப்புப் போல் கொதித்தது.

நல்ல வேளை, திடல் பக்கத்தில் குழாயும் ரப்பர் பைப்பும் இருந்தன. ஜெர்சியைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தோம். கடைக்கு ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது பையன் தன் பேரைச் சொன்னான். பிழைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். முந்தின ராத்திரியிலிருந்தே காய்ச்சலாம். "ஏன்டா சொல்லல?" என்றேன். "முடியலன்னு சொன்னா பேரை அடிச்சிடுவாங்கன்னு பயந்தேன் ஐயா" என்றான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் சொல்லவில்லை, சரி. நான் கேட்கவும் இல்லையே! அன்றிலிருந்து பனடோல் கேட்டு வருகிற எந்தப் பிள்ளையையும் இரண்டு கேள்வி கேட்காமல் அனுப்புவதில்லை. "காய்ச்சல் இருக்கா? இன்னிக்கு ஓடப் போறியா?" நீங்களும் வீட்டில் அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

வெயில் நமக்குப் பழகினதுதானே?

"இந்த ஊர் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அவனுக்கு என்ன ஆகும்?" என்று பலர் கேட்பார்கள். வெயிலில் இருப்பது வேறு, வெயிலில் ஓடுவது வேறு. ஓடும்போது தசைகள் எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வியர்வைதான் வெளியே கொண்டுபோக வேண்டும். வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் உடம்பு குளிரும்.

தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்று அடிக்கிற நாளில் கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மழை மூட்டம் போட்டுப் புழுங்குகிற நாளில் சாயங்காலம் வரை ஈரம் போகாது. உடம்பின் வியர்வையும் அப்படித்தான். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். ஆகவே வெயிலே இல்லாத மூட்டமான நாளில்கூட, ஓடுகிற பையனின் உடம்புக்குள் சூடு ஏறிக்கொண்டே போகலாம்.

2023இல் கடும் வெப்பம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் இறந்தான். அந்த மே மாதம் கல்வி அமைச்சு பள்ளிகளின் வெளித்திடல் நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. ஓர் இடத்தில் தொடர்ந்து 3 நாள் அதிக பட்ச வெப்பம் 35 டிகிரியைத் தொட்டாலே வானிலை இலாகா முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. 37 டிகிரியைத் தாண்டினால் இரண்டாம் நிலை. எச்சரிக்கை வந்த நாளில் பயிற்சி வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்தான் கண்டம்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் 'புட்பால்' வேறு ஆட்டம். தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். அங்கே ஆகஸ்டு மாதக் கோடையில் பயிற்சி தொடங்கும். தொடங்கின முதல் சில நாட்களிலேயே பிள்ளைகள் வெப்பத்தால் சாவது வருடா வருடம் நடந்தது. அதனால் 2009இல் அங்குள்ள விளையாட்டு மருத்துவ அமைப்புகள், முதல் 14 நாளும் பயிற்சியைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டன. ஆட்டம் வேறாக இருக்கலாம், உடம்பு ஒன்றுதான்.

லீவு முழுக்க காற்றாடிக்குக் கீழே கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பையன், முதல் நாளே 10 சுற்று ஓடினால் உடம்பு தாங்காது. உடம்பு பழகுவதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். பழகின உடம்பில் வியர்வை சீக்கிரம் வரும், கூடுதலாக வரும், அதில் உப்பு குறைவாகப் போகும். இதயமும் அடித்துக்கொள்ளாமல் நிதானமாக வேலை செய்யும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

முதல் 3 நாள் அரை மணி நேரம் போதும். மெதுவான ஓட்டம், பந்து தட்டுவது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் 5 அல்லது 10 நிமிடம் கூட்டலாம். முதல் வாரத்தில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்று இரண்டு பயிற்சி வேண்டாம். தண்டனை ஓட்டம் எப்போதுமே வேண்டாம். தாமதமாக வந்த பையனைக் கொளுத்துகிற வெயிலில் திடலைச் சுற்ற விடுவது ஒழுக்கம் ஆகாது. பருமனான பையன், காய்ச்சல் வந்து தேறின பையன், புதிதாகச் சேர்ந்த பையன் ஆகிய மூவரையும் கண் வைத்துப் பாருங்கள். சூடு முதலில் பிடிப்பது இவர்களைத்தான்.

தண்ணீர்

"ஆட்டத்துக்கு நடுவுல தண்ணி குடிச்சா வயித்தைப் பிடிக்கும்" என்று நம் காலத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். அது தப்பு. வயிறு முட்டக் குடித்தால்தான் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் செய்யாது.

பயிற்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு கிளாஸ். பயிற்சியின்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நாலைந்து மடக்கு. முடிந்ததும் தாகம் தீரக் குடிக்கட்டும். கட்டாயப்படுத்தி லிட்டர் கணக்கில் ஊற்றுவதும் கெடுதல்தான், இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறின மஞ்சளாக இருந்தால் சரி. தேத்தண்ணி நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். நல்ல கருஞ்சிவப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால், கொதித்து ஆறின 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டின தேக்கரண்டியால் 6 கரண்டி சீனியும், அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுங்கள். ருசிக்கு எலுமிச்சம்பழம் பிழியலாம். உப்பை அளவுக்கு மேல் போடாதீர்கள். உப்பு மாத்திரையும் வேண்டாம். தூக்கம் வராமல் செய்கிற 'எனர்ஜி' பானங்களைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் இருக்கும் காபீன் இதயத்தைப் படபடக்க வைக்கும்.

2014 உலகக் கிண்ணத்தில், பிரேசில் நாட்டு வெயிலில், ஆட்டத்தை நிறுத்தி ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இப்போது ஆட்ட விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் வரை, உடம்பைக் குளிரவைக்க ஒன்றரை நிமிடம் முதல் 3 நிமிடம் வரை. உலகக் கிண்ண வீரனுக்கு வேண்டியது நம் பையனுக்கு வேண்டாமா?

வெப்பத் தாக்கம்: முதலில் குளிரவை, பிறகு ஏற்று

தசை பிடித்துக்கொள்வது, வாந்தி வருவது, தலை சுற்றுவது, முகம் வெளிறுவது, இவை முதல் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணியில் தேறிவிடுவான். அன்றைக்கு மறுபடியும் ஓட வேண்டாம்.

ஆனால் பையன் உளறினால், தள்ளாடினால், கோபமாகக் கத்தினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால், அது வெப்பத் தாக்கம். உள்சூடு 40 டிகிரிக்கு மேலே போயிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஓடின பையனுக்கு வியர்வை ஊற்றிக்கொண்டும் இருக்கலாம். இது உயிர் போகிற விஷயம். மூளையும் ஈரலும் சிறுநீரகமும் நிமிடக் கணக்கில் கெடும்.

ஒருவர் 999க்கு அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிரவைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கக் கூடாது. ஜெர்சி, பூட்ஸ், கால் காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெரிய பீப்பாயோ தொட்டியோ இருந்தால், ஐஸ் போட்ட தண்ணீரில் கழுத்து வரை உட்கார வையுங்கள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து, தலை தண்ணீருக்குள் போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க விட்டுக்கொண்டே இருங்கள். விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கினால் பிள்ளை பிழைக்கும்.

இங்கே பனடோல் வேலை செய்யாது. இது காய்ச்சல் சூடு இல்லை. நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கோடாலித் தைலத்தை மூக்கில் தேய்த்துக்கொண்டும், கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டும் நேரத்தை விடாதீர்கள். தண்ணீர்தான் மருந்து.

காய்ச்சலோடு ஓடாதே

காய்ச்சல் இருக்கிற உடம்பு முன்னமே சூடாக இருக்கிறது. அதற்கு மேல் ஓட்டத்தின் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் கதையிலேயே பார்த்தீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. சில கிருமிக் காய்ச்சல்கள் இதயத் தசையைத் தாக்கும். அந்தச் சமயத்தில் ஓடினால் இதயம் தாளம் தவறி நின்றுவிடலாம். டிங்கிக் காய்ச்சலாக இருந்தால் காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் மோசமான நாள். ஆகவே மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு திடலுக்கு அனுப்பும் வேலையே வேண்டாம்.

நெஞ்சு

2021 ஜூன் 12ஆம் தேதி ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் இடிக்காமலே திடலில் விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. உடனே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்தார்கள். பிழைத்தார். அடுத்த வருடமே மறுபடியும் ஆடவும் வந்தார். அங்கே இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது, அதுதான் அவரைக் காப்பாற்றியது.

ஓடும்போது மயங்கி விழுந்த பையன், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் பையன், காரணமில்லாமல் படபடப்பு வருகிற பையன், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அந்தப் பையன், இவர்களைப் பருவம் தொடங்கும் முன்னமே அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். "எங்க அண்ணன் தூக்கத்துலயே போயிட்டான், காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

திடலில் ஒருவன் விழுந்து, கூப்பிட்டால் பேசாமல், ஒழுங்காக மூச்சும் விடாமல் கிடந்தால், 999க்கு அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து அழுத்துங்கள். ஆழம் 5 செண்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆள் மாற்றி ஆள் அழுத்துங்கள், நிறுத்தாதீர்கள். பழக விரும்புகிற இளைஞர்கள் ஆஸ்பத்திரிக்கு வரலாம், தலையணையை வைத்தே சொல்லிக் கொடுக்கிறேன்.

தலையில் அடி

இரண்டு பேர் பந்துக்குத் தாவி, தலையும் தலையும் மோதும். பையன் எழுந்து உதறிக்கொண்டு ஓடுவான். எல்லாரும் கை தட்டுவார்கள். கை தட்டாதீர்கள். அடிக்குப் பிறகு கண் மங்கினால், தலை வலித்தால், எந்தப் பக்கம் கோல் அடிக்க வேண்டும் என்பதே மறந்தால், கேட்டதையே திரும்பக் கேட்டால், மூளை குலுங்கியிருக்கிறது. நினைவு தப்பியிருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. அவனுக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. குலுங்கின மூளையில் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் 24 மணி நேரம் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கண்மணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது, இதில் ஒன்றைக் கண்டாலும் ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மற்றவர்களும் தலைவலியில்லாமல் பாடம் படிக்க முடிகிற வரை திடலுக்குப் போகக் கூடாது. பிறகு நடை, ஓட்டம், பந்து என்று படிப்படியாகத்தான், அதுவும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு.

கணுக்கால்

கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டு நீவி விடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் நீவவும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். வீக்கம் கூடும். துணியில் சுற்றின ஐஸை 15, 20 நிமிடம் வையுங்கள், கட்டுப் போடுங்கள், காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நாலு எட்டு நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளர்கிற பிள்ளையின் எலும்பு நுனி இன்னும் கெட்டியாகவில்லை. அதில் ஏற்பட்ட முறிவைச் சுளுக்கு என்று நினைத்து நீவிக்கொண்டிருந்தால் கால் கோணிப்போகும்.

இடியும் கோல் கம்பமும்

நம் ஊரில் மழை இடியோடு வருவது பெரும்பாலும் பிள்ளைகள் விளையாடுகிற சாயங்கால நேரத்தில்தான். 2016 ஏப்ரலில் மலாக்கா யுனைடெட் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மின்னல் தாக்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆடிய ஸ்டெபான் பெட்ரோவ்ஸ்கி என்ற 18 வயது இளைஞர் சில வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து மே மாதம் இறந்து போனார்.

மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடிச்சத்தம் கேட்டால் திடலை விட்டுப் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திரும்பக் கூடாது. மரத்தடியிலோ, சுவரில்லாத கொட்டகையிலோ ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள்ளோ, கதவு மூடின பஸ், வேனுக்குள்ளோ போங்கள். மின்னல் தாக்கின ஆளைத் தொட்டால் மின்சாரம் அடிக்காது. தைரியமாகத் தொட்டு, நெஞ்சை அழுத்துங்கள்.

அப்படியே பருவம் தொடங்கும் முன் கோல் கம்பத்தையும் ஆட்டிப் பாருங்கள். மண்ணில் உறுதியாக ஊன்றாத இரும்புக் கம்பம், பிள்ளை தொங்கினால் தலை மேல் சாயும். திடலில் கண்ணாடிச் சில்லு, முள்கம்பித் துண்டு கிடந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பொறுக்கிவிடலாம். 15 வயதில் பள்ளியில் போடுகிற டெட்டனஸ் ஊசியைப் பையன் போட்டுக்கொண்டானா என்று சுகாதாரப் புத்தகத்தில் பாருங்கள்.

'முடியல' என்ற ஒரு சொல்

கடைசியாக முக்கியமான ஒன்று. மேலே எழுதின எல்லாமே ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பையன் "முடியல" என்று வாய் திறந்து சொன்னால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்துவிடும். அவன் ஏன் சொல்வதில்லை? நாம் சொல்லி அவன் கேட்டதில்லை, அதனால்தான். காய்ச்சலோடு பெரட்டுக்குப் போய் நிற்கிற அப்பாவை அவன் பார்க்கிறான். இடுப்பு ஒடிகிற வலியோடு உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மாவைப் பார்க்கிறான். வலியை அடக்குவதுதான் வீரம் என்று அவனாகவே கற்றுக்கொள்கிறான்.

நமக்கு எம்.சி. என்று ஒன்று உண்டு. நோய் வந்தால் சம்பளத்தோடு ஓய்வு எடுக்கலாம் என்று 1955ஆம் வருட வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. நோய் வந்தவன் ஓய்வு எடுப்பது சோம்பேறித்தனம் இல்லை, அது அவன் உரிமை என்பதற்குத்தானே அந்தச் சட்டம்? அந்த உரிமையை நம் பிள்ளைக்கும் கொடுப்போம்.

பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நாளே எல்லாரையும் உட்கார வைத்து, "உடம்புக்கு முடியலன்னு சொன்னவன் பேரை நான் அடிக்க மாட்டேன், மறைச்சவன் பேரைத்தான் அடிப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். தேர்வு நாளில் காய்ச்சலில் கிடந்த பையனுக்கு இன்னொரு நாள் வாய்ப்புக் கொடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

வெட்டிச் சுவரில் ஒட்டுவதற்கு

1. காய்ச்சல் இருந்தால் ஆட்டமில்லை.
2. முதல் 14 நாள் படிப்படியாக.
3. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர்.
4. உளறினால் உடனே குளிரவை, 999க்கு அழை.
5. தலையில் அடி பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.
6. ஓடும்போது மயங்கினவன் டாக்டரைப் பார்க்காமல் திடலுக்குப் போகக் கூடாது.
7. இடி கேட்டால் உள்ளே போ, 30 நிமிடம் பொறு.
8. "முடியல" என்றவனைப் பார்த்துச் சிரிக்காதே.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அந்த வருடம் அவன் ஆடவில்லை. அடுத்த வருடம் டாக்டரிடம் காட்டி, மெதுவாகத் தொடங்கி, பள்ளிக் குழுவில் பின்வரிசை ஆட்டக்காரனாக இடம் பிடித்தான். இப்போது வேலைக்குப் போகிறான். சாயங்காலத்தில் திடலுக்கு வந்து சின்னப் பையன்களுக்குப் பந்து போடுகிறான். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை அவன் விசில் ஊதுவது என் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கும். "எல்லாரும் தண்ணி குடிங்கடா!" என்று ஒரு சத்தம். அதைக் கேட்டால் எனக்கு நிம்மதி.

பிள்ளைகள் நன்றாக விளையாடட்டும். வீட்டுக்கு முழுசாகத் திரும்பட்டும்.